மூன்று லட்ச ரூபாய் ஏர் ரைஃபிளிலும் காற்று கசியுமா, குறி மாறுமா?

மகளுக்கு வாங்கிய புது ஜெர்மன் ரைஃபிளில் ராத்திரியில் காற்று இறங்குகிறது, கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டால் முதல் குண்டு மேலே போகிறது, கோச் பிள்ளையின் கையைக் குறை சொல்கிறார், இவ்வளவு கொடுத்தும் இப்படியா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பிள்ளையைக் குறை சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறியும் துப்பாக்கியில் வரக்கூடியவை. இரண்டையும் எதையும் கழற்றாமலே அளந்து உறுதி செய்யலாம்.

10 மீட்டர் போட்டி ரைஃபிளில் காசு எதற்குப் போகிறது? நல்ல பேரல் (குழல்), அதிர்வை உள்ளேயே அடக்கும் அமைப்பு, கிராம் கணக்கில் திருத்தக்கூடிய ட்ரிகர், ஆளின் உடம்புக்கு ஏற்றபடி நகரும் அலுமினிய ஸ்டாக் (தோளில் சாய்த்துப் பிடிக்கும் உடல் பகுதி). காற்றைப் பிடித்து நிறுத்துவது என்னவோ சில ரூபாய் பெறும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களும், வால்வு அமர்ந்து வழியை மூடும் சுண்டுவிரல் நகத்தளவு 'சீட்' என்ற பாகமும்தான். தொழிற்சாலையில் ரைஃபிளைக் கிளாம்பில் பூட்டி, சில குண்டுகளை அடுத்தடுத்துச் சுட்டு, குண்டு பட்ட குறி அட்டையைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். பேரலில் குறை இருந்தால் அந்த அட்டையிலேயே தெரிந்துவிடும். இரவு முழுக்க மெல்லக் கசிவதும், பத்து நிமிடம் சும்மா கிடந்தால் உள்ளே அழுத்தம் ஏறுவதும் அப்படி வேகமாகச் சுடும்போது தெரியவே தெரியாது. நேரம் எடுத்து வெளிப்படும் குறைகள் வாங்கியவர் கைக்கு வந்து சேர்வது இதனால்தான்.

உடனே "ஃபைன்வெர்க்பாவையா, வால்தரையா, அன்ஷூட்ஸையா குறை சொல்கிறாய்?" என்று சிலர் வருவார்கள். எந்த கம்பெனியையும் நான் மட்டம் தட்டவில்லை. உலகப் போட்டிகளில் ஜெயிப்பது அந்தத் துப்பாக்கிகள்தான். நல்ல துப்பாக்கியிலும் ஒரு ஓ-ரிங் பொருத்தும்போது கீறலாம், அவ்வளவுதான் சொல்கிறேன்.

இப்போது காற்று இறங்குவதைப் பார்ப்போம். எல்லா இறக்கமும் கசிவு அல்ல. துப்பாக்கியில் மாட்டும் அழுத்தக் காற்றுச் சிலிண்டரை வேகமாக நிரப்பினால் உள்ளே காற்று சூடாகும். ஆறும்போது அழுத்தம் தானாகவே இறங்கும். 35 டிகிரி வெயிலில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) காட்டிய சிலிண்டரை 22 டிகிரி ஏசி அறையில் வைத்தால் ஒரு பொட்டுக் காற்றுகூட வெளியேறாமலே ஏறத்தாழ 192 பார்தான் காட்டும். ஆகவே நிரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அளவைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே அறையில், அதே வெப்பத்தில் பாருங்கள்.

முதல் ராத்திரி சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். இறங்கினால் குறை சிலிண்டரின் சொந்த வால்வில் அல்லது அழுத்த மீட்டர் பொருத்திய இடத்தில். இறங்காவிட்டால் மறுநாள் துப்பாக்கியில் மாட்டி வையுங்கள். அப்போது மட்டும் இறங்கினால் குறை துப்பாக்கிப் பக்கம். குண்டு இல்லை, காக் செய்யவில்லை (சுடத் தயார் நிலையில் இழுத்து வைக்கவில்லை) என்று இரண்டு முறை உறுதிசெய்துவிட்டு, சோப்பு நுரையைப் பஞ்சுக்குச்சியால் சிலிண்டர் இணையும் இடத்திலும், ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் பாகம்) சிறு காற்றுத் துளையிலும், பேரல் வாயிலும் தொட்டு வையுங்கள். பக்கவாட்டிலிருந்து பாருங்கள், பேரல் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். இணைப்பில் நுரை பொங்கினால் அங்கே உள்ள ஓ-ரிங். காற்றுத் துளையில் பொங்கினால் ரெகுலேட்டர் பிஸ்டனின் ஓ-ரிங். பேரல் வாயில் பொங்கினால் சுடும் வால்வு சரியாக மூடவில்லை, பெரும்பாலும் சீட்டில் உலோகத் துகள் ஒட்டியிருக்கும். ட்ரிகர் பக்கம் ஈரம் போகக் கூடாது, எலக்ட்ரானிக் ட்ரிகர் என்றால் அந்தப் பக்கமே நுரை வேண்டாம்.

முதல் குண்டு மேலே போவதுதான் இதில் முக்கியமான விஷயம். சிலிண்டரின் 200 பார் காற்றை ரெகுலேட்டர் குறைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் ஒரு சிறு அறையில் நிரப்புகிறது. அந்த அறையில் குறித்த அழுத்தம் வந்ததும் பிஸ்டன் போய் சீட்டில் அமர்ந்து வழியை அடைக்க வேண்டும். சீட்டில் முடியளவு கீறல் இருந்தாலோ, துகள் சிக்கியிருந்தாலோ முழுதாக அடைபடாது, காற்று நூலிழையாக ஊறிக்கொண்டே இருக்கும். அரை நிமிடத்துக்கு ஒரு குண்டு என்று சுடும்போது ஊறுவதற்கு நேரம் கிடைக்காது. பத்து நிமிடம் இடைவெளி விட்டால் அறையின் அழுத்தம் கூடி அடுத்த குண்டு வேகமாகக் கிளம்பும்.

வேகம் கூடினால் என்ன என்று கேட்பவர்களுக்காகக் கணக்கு. நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) 10 மீட்டரில் ஏறத்தாழ 17 மி.மீ. விழும். 180 ஆனால் 15 மி.மீ.தான் விழும். அதாவது குறி 2 மி.மீ. அளவுக்கு மேலே ஏறும். 10 மீட்டர் ரைஃபிள் அட்டையில் 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. ஆகவே நடுவில் சரியாகப் பிடித்த குண்டுகூட 0.7, 0.8 புள்ளி இழக்கும். தகுதிச் சுற்றில் 60 குண்டில் அது ஓரிரு முறை நடந்தால் தாங்கலாம். இறுதிச் சுற்றில் ஒற்றைக் குண்டுகளை அறிவிப்புக்குக் காத்திருந்து காத்திருந்து சுட வேண்டும், அங்கே பல குண்டுகள் பாதிக்கப்படலாம். "டென்ஷன் ஆயிட்டா" என்று பிள்ளை தலையில் பழி விழும்.

இதை அளக்க குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேண்டும், ரேஞ்சில் யாரிடமாவது இருக்கும். ஒரே டின் பெல்லட்டில் பத்து குண்டு சீராகச் சுட்டு வேகத்தை எழுதுங்கள். நல்ல போட்டி ரைஃபிளில் பத்துக்கும் இடையே வேகத்தில் நொடிக்கு 2, 3 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்காது. பிறகு பத்து நிமிடம் தொடாமல் வைத்து ஒரு குண்டு, அடுத்து இருபது நிமிடம் விட்டு ஒரு குண்டு. அந்த ஒற்றைக் குண்டு மட்டும் வேகத்தில் நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் தாவினால் ரெகுலேட்டர்தான். புது ரெகுலேட்டர் முதல் ஒரு டின், அதாவது 500 பெல்லட் வரை கொஞ்சம் தாவிப் பிறகு அடங்குவது உண்டு. அதற்கு மேலும் தாவினால் சீட்டை மாற்ற வேண்டும்.

பத்து குண்டும் தாறுமாறாக இருந்தால் ரெகுலேட்டர் மேல் மட்டும் சந்தேகப்படாதீர்கள். பேரல் பின்வாயில் உள்ள ஓ-ரிங் கிழிந்திருந்தாலும் அப்படித்தான் வரும். காற்று வரும் துளையின் விளிம்பை மழுக்காமல் விட்டிருந்தால் அது புது ஓ-ரிங்கையும் சீவிவிடும். வேகம் சீராக இருந்தும் குண்டு சிதறினால் கதை வேறு. பேரலில் பஞ்சு பெல்லட் (பேரலைத் துடைக்கும் பஞ்சு உருண்டை) தள்ளி உலோகத் தூள் வருகிறதா பாருங்கள், ஸ்டாக் திருகுகளைக் கையேடு சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) இறுக்குங்கள், பின் சைட்டைப் (குறிபார்க்கும் பின்பக்கக் கருவியை) பத்து கிளிக் வலம், பத்து கிளிக் இடம் திருப்பி, பழைய இடத்திலேயே குண்டு விழுகிறதா சோதியுங்கள். 4.49, 4.50 மி.மீ. தலையளவுள்ள இரண்டு மூன்று பேட்ச் பெல்லட்டைக் கிளாம்பில் வைத்துச் சுடாமல் பேரலைக் குறை சொல்லவே கூடாது.

இதோடு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். புதுத் துப்பாக்கி ஆறே மாதத்தில் கெடுவதற்கு நம் ஊரின் ஈரக் காற்றும் காரணமாகலாம். 0.2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 40 லிட்டர் காற்று. சென்னை, கடலூர் போன்ற கடற்கரை ஊரில் அவ்வளவு காற்றோடு ஏறத்தாழ ஒரு கிராம் நீராவி உள்ளே இழுக்கப்படுகிறது. கம்ப்ரஸரின் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் அதைத் தடுக்க வேண்டும். பல ரேஞ்சுகளில் அந்த ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மாதக் கட்டணம் மட்டும் ஒழுங்காக வாங்குகிறார்கள். தண்ணீர் ரெகுலேட்டருக்குள் போய் வாஷர்களில் துரு பிடித்தால் வாரண்டியில் கேட்க முடியாது. ஃபில்டரை மாற்றிய தேதியைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. கைப்பம்ப் வைத்திருந்தால் 50 முறை அடித்ததும் நிறுத்தி, ஈரத்தை வெளியேற்றி, பம்பு ஆறிய பிறகு தொடருங்கள்.

வாரண்டி இருக்கும்வரை எதையும் பிரிக்காதீர்கள். "காற்று போகுது சார்" என்று ஃபோனில் சொன்னால் டீலர் "அது அப்படித்தான் இருக்கும்" என்று வைத்துவிடுவார். நிரப்பிய நேரம், அறை வெப்பம், இரண்டு ராத்திரியின் மீட்டர் படங்கள், குரோனோகிராஃப் எண்கள், துப்பாக்கியின் வரிசை எண் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி, தயாரிப்பாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எண்களோடு வரும் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம். ரெகுலேட்டர் சீட், ஓ-ரிங் செட் இரண்டையும் இப்போதே கூடுதலாக ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள், இங்கே அவசரத்துக்குக் கிடைக்காது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, சரிசெய்வதற்குள் நிமிடங்கள் ஓடிப்போய், 12-ஆம் இடத்தில் முடிந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே நடக்கிறது.

வாரண்டி முடிந்தபின் ஓ-ரிங் மாற்றும் நாள் வந்தால், சிலிண்டரைக் கழற்றி, உள்ளே மிச்சமுள்ள காற்றையும் சுட்டு வெளியேற்றிவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும். தடவுவது சிலிக்கோன் கிரீஸ் மட்டும், மெல்லிய படலமாக. தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பற்றி வெடிக்கலாம். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போட்டி சிலிண்டர்களுக்கு ஆயுள் 10 ஆண்டு, தேதி கடந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் உபகரணச் சோதனையிலேயே நிறுத்திவிடலாம். கடையில் நெடுநாள் கிடந்த துப்பாக்கி என்றால் அந்தப் பத்தில் இரண்டு மூன்று ஆண்டு உங்கள் கைக்கு வருமுன்பே போயிருக்கும்.