நிலம் விவசாயி பெயரில்தானே இருக்கிறது, பிறகு ஏன் கொங்கு மாவட்டங்களில், மத்திய அரசு நிறுவனமான கெயிலின் கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாய்க்கு எதிர்ப்பு?

பட்டா மாறாது என்பது உண்மைதான். 1962ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி எடுக்கப்படுவது நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை மட்டும். ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படியுங்கள்: குழாய் போகும் நிலப்பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. சட்டம் சொல்லும் இழப்பீடோ சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிர்ச்சேதம் தனி.

மஞ்சள், காய்கறி போடுபவர் சமாளித்துவிடுவார். தென்னந்தோப்புக்காரருக்கு அந்தப் பட்டை போனது போனதுதான். மரத்துக்குத் தடை ஏன்? வேர் குழாயின் மேற்பூச்சைக் கிழிக்கும், ஈரம் இரும்பைத் தொடும், துரு அரிக்கும்.

2013இல் ஜெயலலிதா அரசு நெடுஞ்சாலை ஓரமாகப் பதிக்கச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கமே நின்றது.

மறுபக்க வாதமும் லேசானதல்ல. ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள கொச்சி எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் 2013இல் தயாராகியும், வாயுவை வெளியே கொண்டுபோக வழியில்லாமல் பல வருடம் பெரும்பாலும் சும்மா கிடந்தது. மங்களூருக்கான 450 கி.மீ. குழாய் 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. ஆனாலும் அந்த முனையத்தில் இறங்குவது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் வாயு. 'எரிசக்திப் பாதுகாப்பு' என்று மேடையில் பேசுபவர்கள் இதை மட்டும் மெதுவாகச் சொல்வார்கள்.