ஸ்டென்ட் வைத்தவருக்குக் குடலிறக்க ஆபரேஷன்: சித்திரையிலா, ஐப்பசியிலா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. சென்ற ஐப்பசியில் மாரடைப்பு வந்து, மதுரையில் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். இப்போது வலது தொடை இடுக்கில் குடலிறக்கம். வலி இல்லை, இருமினால் புடைக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வரும்போதே ஆபரேஷனை முடித்துவிட நினைக்கிறோம். எங்கள் தெருக்காரர் ஒருவர் ஸ்டென்ட் வைத்த ஆறாம் மாதமே ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார். மாத்திரையைப் பத்து நாள் முன்பே நிறுத்தினால் போதும் என்கிறார். அப்படிச் செய்யலாமா? (உசிலம்பட்டி அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வேண்டாம். உங்கள் தெருக்காரர் சொன்னது அவருக்குப் பொருந்தியிருக்கலாம். நடக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்று போய், திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு அவசரமில்லாத அறுவையை ஆறு மாதம் கழித்துச் செய்யலாம். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கோ பன்னிரண்டு மாதம் பொறுப்பதே நல்லது என்கின்றன இன்றைய இதயவியல் வழிகாட்டுதல்கள். உங்கள் அப்பா இரண்டாம் வகை. அவர் கணக்கில் ஆபரேஷன் அடுத்த ஐப்பசிக்குத்தான் வருகிறது.

ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் விரித்து வைத்த உலோக வலை. அதன் மேல் உள்தோல் வளர்ந்து மூடும்வரை ரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். அறுவை என்றாலே உடம்பு ரத்தத்தை உறைய வைக்கும் பக்கம் சாய்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து மாத்திரையையும் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் கட்டி உறைந்து, குழாய் ஒரேயடியாக அடைபடலாம். முதல் 30 நாளில் இந்த ஆபத்து மிக அதிகம். பிறகு மாதாமாதம் குறையும். புற்றுநோய் போலத் தள்ளிப்போட முடியாத அறுவை என்றால் மூன்று மாதத்துக்குப் பிறகு, லாப நஷ்டத்தை எடைபோட்டுச் செய்வதுண்டு. வலியில்லாமல், தானே உள்ளே போகும் குடலிறக்கம் அந்த ரகமல்ல. ஆனால் புடைப்பு உள்ளே போகாமல் கல்போல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் மாதக் கணக்கெல்லாம் செல்லாது. அன்றிரவே இதயப் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பெரியாஸ்பத்திரியானாலும் சரி, தனியார் மருத்துவமனையானாலும் சரி.

இப்போது அப்பாவின் மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்புறம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். நம் ஊரில் பலருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மூன்றையும் ஒரே கேப்சூலில் அடைத்துத் தருகிறார்கள். வசதிதான். சிக்கல் ஆபரேஷன் சமயத்தில் வருகிறது. ‘குளோபிடோகிரெலை மட்டும் நிறுத்துங்கள்’ என்று மருத்துவர் சொல்வார். வீட்டில் அந்த ஒரு கேப்சூலை நிறுத்துவார்கள். நிறுத்தவே கூடாத ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாடினும் அதோடு சேர்ந்து போய்விடும். எனக்குப் பெரிய பயம் இதுதான். கூட்டு மாத்திரை என்றால், அந்த நாட்களுக்கு ஆஸ்பிரினையும் அடோர்வாஸ்டாடினையும் தனித்தனியாக எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

பத்து நாள் கணக்கும் தவறு. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் பொதுவாகக் குளோபிடோகிரெலுக்கு 5 நாள். அதற்குப் பதிலாகச் சிலருக்குத் தரும் அதே வகை மாத்திரைகளான டைகாக்ரெலாருக்கு 3 முதல் 5 நாள், பிராசுக்ரெலுக்கு 7 நாள். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வதானால் மயக்க மருத்துவர் ஓரிரு நாள் கூட்டிச் சொல்லலாம். ஸ்டென்ட் உள்ளவருக்கு ஆஸ்பிரினைத் தொடர்ந்தபடியே குடலிறக்கத்தைச் சரிசெய்யலாம். முதுகு ஊசிக்கும் அது தடையில்லை. மூளை, தண்டுவட அறுவைகளில்தான் அதையும் நிறுத்த யோசிப்பார்கள். ஓராண்டு முடிந்ததும் பலருக்கு இதய மருத்துவரே ஒரு மாத்திரையைக் குறைத்துவிடுவார். பொறுத்தால் இந்தக் குழப்பமே பெரும்பாலும் இல்லாமல் போய்விடும்.

மாத்திரையை நிறுத்தும் நாட்களில் அதற்குப் பதிலாக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது தட்டணுக்களைக் கட்டுப்படுத்தும் மருந்தல்ல. ஸ்டென்டைக் காக்காது, ரத்தக் கசிவைத்தான் கூட்டும்.

கண்புரைக்கும் பல் பிடுங்குவதற்கும் மாத்திரையை நிறுத்த வேண்டியதே இல்லை. கண் சிகிச்சைக்குப் பேர்போன மதுரையிலேயே, யாரும் சொல்லாமல் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் புரை அறுவைக்கு வரிசையில் உட்காரும் பெரியவர்கள் உண்டு. சொட்டு மருந்தால் மரக்கச் செய்து முடிக்கிற வேலைக்கு இதயத்தைப் பணயம் வைப்பானேன்? பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்து, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டால் ரத்தம் நின்றுவிடும்.

ஐப்பசியில் போகும்போது ஸ்டென்ட் அட்டை, ஆஞ்சியோ குறுந்தகடு, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கொண்டுபோங்கள். அறுவை மருத்துவர், இதய மருத்துவர், மயக்க மருத்துவர் மூவரும் பேசி முடிவெடுக்கட்டும். நிறுத்தச் சொல்பவரிடமே, மீண்டும் தொடங்க வேண்டிய தேதியையும் கேளுங்கள். ரத்தக் கசிவு இல்லையென்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தொடங்கிவிடலாம். அந்தத் தேதி வீட்டுக்குத் தரும் தாளில் இல்லையென்றால், எழுதி வாங்காமல் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.