அந்த மூன்று நாள் யாருடைய கணக்கு?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. இரண்டு வருடமாக வயலின் கற்கிறாள். 45 நிமிட வகுப்பு முழுவதையும் போனில் வீடியோ எடுக்கிறேன். வீட்டில் வாசிப்பதையும் எடுக்கிறேன். இரவில் சேர்ந்து பார்ப்போம். தப்பு வரும் இடத்தில் நிறுத்திக் காட்டுவேன். சத்தத்தில் ஏற்ற இறக்கமே இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் திருந்தவில்லை. போன மாதம் என் போன் ரிப்பேருக்குப் போயிருந்தபோது மூன்று நாள் அவளாகவே எடுத்து வாசித்தாள். பதிவு இல்லாததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது போனைப் பார்த்தாலே எரிந்து விழுகிறாள். வீடியோவை எப்படிப் பயன்படுத்தினால் முன்னேறுவாள்?

பதில்: சகோதரி, எனக்கு அந்த மூன்று நாளைத் தாண்டிப் போக முடியவில்லை. யாரும் சொல்லாமல், யாரும் அதட்டாமல் ஒரு பிள்ளை தானே பெட்டியைத் திறந்து வயலினை எடுத்திருக்கிறாள். இரண்டு வருடம் எதற்காக அலைந்தீர்களோ அது நடந்திருக்கிறது. நீங்களோ சம்பளம் போடுகிறவர் மாதிரி "கணக்கில் சேர்க்கவில்லை" என்கிறீர்கள். போன் எரிச்சலா? இல்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார், அந்த எரிச்சல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான போன்கள் வீடியோ எடுக்கும்போது மெல்லிய சத்தத்தைத் தூக்கிவிடும், பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. அதில் வயலினின் ஏற்ற இறக்கம் தட்டையாகிப் போகும். இல்லாத தப்புக்கு எத்தனை ராத்திரி திட்டு வாங்கினாளோ! அவள் வாசிக்கும்போது நீங்களும் அதே அறையில்தானே இருந்தீர்கள்? உங்கள் காதுக்கு என்ன கேட்டது? கண் திரையில் இருந்திருக்கும்.

வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க அதை நம்பாதீர்கள், கை போகிற விதத்தைப் பார்க்க நம்புங்கள். வாசிக்கிறவருக்குத் தன் வில் நேராகப் போவதாகத்தான் தோன்றும். வெளியிலிருந்து பார்த்தால் வேறு கதை. வில்லின் நுனி வரும்போது முழுக்கையும் பின்னால் இழுபடும், வில் கோணலாகி, குதிரையை (தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டு) விட்டு விரல்பலகைப் பக்கம் வழுக்கும், சத்தம் மெலிந்து காற்றடிக்கும். ஆசிரியர் பத்துத் தடவை சொல்லிப் புரியாததை அரை நிமிட வீடியோ காட்டிவிடும். அதற்குப் போனைக் கையில் பிடிக்காமல், வயலின் உயரத்துக்கு எங்காவது சாய்த்து வையுங்கள். வில்லும் குதிரையும் சேர்ந்து தெரிய வேண்டும். செல்ஃபி கேமரா வேண்டாம்; அதன் திரையில் இடது வலது மாறித் தெரியும், பிள்ளை குழம்பும்.

பட்டனை அவள் அழுத்தட்டும். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதையும் அவளே சொல்லட்டும்: இன்றைக்கு வில் மட்டும், நாளைக்கு இடது கட்டைவிரல் மட்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுக் கையைப் பார்க்கட்டும், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சுருதியையும் தாளத்தையும் கேட்கட்டும். தப்பை அவள்தான் முதலில் சொல்ல வேண்டும். அழிப்பதா வைப்பதா என்பதும் அவள் இஷ்டம். ஒரே பாடத்தை மாதம் ஒரு முறை எடுத்து வைத்தால், முன்னேற்றத்தைப் பற்றி நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம்.

வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, அவர் வாசித்துக் காட்டும் பகுதியை மட்டும் எடுங்கள். வீட்டில் சந்தேகம் வந்தால் பார்க்க அதுதான் உதவும். மீதி நேரம் போன் பைக்குள் இருக்கட்டும். தான் தடுமாறுவதை எல்லாம் ஒருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தால் பெரியவர்களுக்கே கை நடுங்கும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு வாத்தியார் போதும் என்பது என் கட்சி. அம்மாவுக்கு வேலை, உட்கார்ந்து கேட்பது. அது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். உங்களால் இதுவரை முடியவில்லையே.

அந்த மூன்று நாளும் அவள் என்ன வாசித்தாள்? கடிதத்தில் அது இல்லை. இன்றைக்கு அவளிடமே கேளுங்கள். வாசித்துக் காட்டுகிறேன் என்றால், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.