மசாய் மாராவுக்கு முன்னால் எட்டு ஆல்பம் பாக்கி

கேள்வி: திண்டுக்கல்லில் வெட்டிங் போட்டோகிராபர். வயது 36, மனைவி, ஆறாவது படிக்கும் மகள். வருடத்துக்கு 22 கல்யாணம் வரும். ஒரு பேக்கேஜ் சராசரியாக 1,20,000 ரூபாய். இது போக, சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் குறைந்தது மூன்று காசு வாங்காமல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கேமரா பாடிக்கு இஎம்ஐ 11,700 (இன்னும் 8 மாதம்), தூரத்து விலங்குகளை எடுக்கும் 200-600 லென்ஸுக்கு 9,600 (இன்னும் 11 மாதம்). மனைவியின் நகை மேல் 2,40,000 கடன். கிரெடிட் கார்டில் 70,000 நிற்கிறது, மினிமம் மட்டும் கட்டுகிறேன். பணம் மட்டும் இருந்தால் மூன்று விஷயங்களை எடுத்துவிட வேண்டும் என்பது கனவு: கென்யாவின் மசாய் மாராவில் விலங்குக் கூட்டம் ஆற்றைக் கடப்பது, இமாச்சலின் ஸ்பிட்டியில் பனிச்சிறுத்தை, 2030-ல் கொடைக்கானல் குறிஞ்சி. வரும் ஆடியில் ஒரு போட்டோ டூர் மசாய் மாரா போகிறது. 4,75,000, விமான டிக்கெட் தனி. 25,000 கட்டி இடம் போட்டுவிட்டேன். முழுத் தொகைக்கும் அவர்களே 15 சதவீதத்தில், 48 மாதத்துக்குப் பர்சனல் லோன் ஏற்பாடு செய்கிறார்கள். கட்டிய 25,000-ஐச் செலவுக்குத் திருப்பித் தருவார்களாம். மச்சானோ சுற்றுலாக் கம்பெனிப் பங்குகளை வாங்கும் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் 5,000 (எஸ்ஐபி) போடச் சொல்கிறார். தை, மாசிக்கு 9 கல்யாணம் புக் ஆகியிருக்கிறது. போன சீசன் ஆல்பம் 8 பாக்கி. வங்கியில் 38,000 இருக்கிறது. ஒரு கல்யாணத்தின் செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். எது சரி?

பதில்: லோனா, எஸ்ஐபியா என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் கடைசி மூன்று எண்களில்தான் சிக்கல் இருக்கிறது. 9 கல்யாணத்துக்குத் தலா 40,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் 3,60,000 கையில் இருக்க வேண்டும். இருப்பது 38,000. மிச்சம் 3,22,000-ஐ ஏற்கெனவே செலவு செய்துவிட்டீர்கள். தையில் மண்டபத்தில் நிற்கப்போகும் வீடியோகிராபருக்குச் சம்பளம், புதிதாகப் புக் ஆகும் பார்ட்டியின் அட்வான்ஸிலிருந்துதான் வர வேண்டும். உங்களைக் கடனாளி ஆக்குவது கனவல்ல, இந்த அட்வான்ஸ் சுழற்சி.

நீங்கள் அனுப்பிய தாளைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டாவது போட்டோகிராபர் 10,000, வீடியோகிராபர் 16,000, ட்ரோன் 6,000, வண்டி, சாப்பாடு, லைட் பையன் 5,000. ஆக அன்றைக்கே கொடுக்க வேண்டியது 37,000. அதாவது 40,000 அட்வான்ஸ் அப்படியே உங்கள் ஆட்களின் கூலி. அதில் உங்களுடையது 3,000. பிறகு எடிட்டிங், டிசைன் 11,000, இரண்டு ஆல்பம் பிரிண்ட் 22,000, ஃப்ரேம், பென்டிரைவ் 2,000. கல்யாணத்தன்று வாங்கும் 50,000-லிருந்து இந்த 35,000-ஐ எடுத்து வைத்தால், அட்வான்ஸில் மிஞ்சிய 3,000-ஐயும் சேர்த்து உங்களுக்கு 18,000. ஆல்பம் கொடுக்கும்போது வரும் 30,000 முழுக்க உங்களுடையது. மொத்த லாபம் 48,000. அதில் பாதிக்கு மேல் ஆல்பத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. எட்டு ஆல்பம் பாக்கி என்றால் உங்கள் 2,40,000 ரூபாய் பார்ட்டிகளிடம் நிற்கிறது. நகைக் கடனும் சரியாக அதே தொகை என்பதைக் கவனித்தீர்களா?

வருடக் கணக்கு இப்படிப் போகிறது. 22 கல்யாணம், தலா 48,000 என்றால் ஏறத்தாழ 10,56,000. ஸ்டூடியோ வாடகை, கரண்ட், சாஃப்ட்வேர் மாதம் 18,000. வீட்டுச் செலவு 45,000. போக மிச்சம் 3,00,000. மோசமில்லாத வருமானம். அதிலிருந்து சொந்தக்காரர் கல்யாணங்களுக்குக் கைக்காசு தலா 50,000 வீதம் 1,50,000 போகிறது. இரண்டு இஎம்ஐயும் வருடத்துக்கு 2,55,600. நகைக் கடன் வட்டி 12 சதவீதம் என்றால் 28,800. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 29,400. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. ஆக வருடத்துக்கு 1,60,000-க்கு மேல் துண்டு விழுகிறது. அதைத்தான் அடுத்தவர் வீட்டு அட்வான்ஸ் மூடி மறைக்கிறது. இந்த நிலையில் 4,75,000 லோன் எடுத்தால் மாதம் 13,200 கூடுதலாகப் போகும். 48 மாதத்தில் வட்டி மட்டும் 1,60,000 அளவுக்கு வரும். இன்னொரு விஷயம்: இந்த மாதிரி லோனில் பணம் நேராக டூர்காரருக்குப் போய்விடும். டூர் ரத்தானாலும் லோன் கொடுத்த கம்பெனிக்கு நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பணத்தைத் திரும்ப வாங்குவது உங்களுக்கும் டூர்காரருக்கும் இடையிலான பஞ்சாயத்து.

முதலில் வேறு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அதற்கு ஜிபே, போன்பே எதையும் இணைக்காதீர்கள். இனிமேல் வரும் எல்லா அட்வான்ஸும், கல்யாணத்தன்று எடுத்து வைக்கும் 35,000-உம் அங்கேதான் போக வேண்டும். அங்கிருந்து பணம் மூன்று காரணத்துக்கு மட்டும் வெளியே வரலாம்: ஆட்கள் கூலி, டிசைன் - எடிட்டிங், பிரிண்ட் போடும் லேப் பில். கல்யாணத்தன்று 18,000, ஆல்பம் கொடுத்த அன்று 30,000 உங்கள் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும்.

அடுத்தது அந்த எட்டு ஆல்பம். "லேபுக்குக் கொடுக்கக் காசில்லை, அதனால் ஆல்பம் நிற்கிறது, ஆல்பம் நிற்பதால் பாக்கி வரவில்லை" என்பதுதானே நிலைமை? வரிசையை மாற்றுங்கள். டிசைனை வாட்ஸ்அப்பில் காட்டி ஓகே வாங்கியதும், பிரிண்டுக்கு அனுப்பும் முன் 30,000-ஐ வாங்கிவிடுங்கள். 22,000 லேபுக்கு, 8,000 உங்களுக்கு. ஒரே நேரத்தில் இரண்டு ஆல்பத்துக்கு மேல் கையில் எடுக்க வேண்டாம். எட்டும் முடிந்தால் 64,000. கார்டு பாக்கியை ஏறக்குறைய முடித்துவிடலாம். படம் தேர்வு செய்யாமல் ஆறு மாதம் இழுக்கும் பார்ட்டி எல்லா ஊரிலும் உண்டு. புது புக்கிங் ரசீதில் ஒரு வரி அச்சடியுங்கள்: 45 நாளில் படம் தேர்வு செய்யாவிட்டால் நாங்களே தேர்வு செய்வோம், பாக்கித் தொகை அப்போதே தர வேண்டும்.

200-600 லென்ஸை விற்றுவிடுங்கள். கோபப்பட வேண்டாம். எஃப் 5.6-க்குக் கீழே திறக்காத லென்ஸை மண்டப வெளிச்சத்தில் வைத்து எதை எடுப்பீர்கள்? உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுப்பது 70-200 எஃப் 2.8. 200-600 வருடத்தில் ஒரு வாரம் வெளியே வருகிறது, மற்ற நாளெல்லாம் பீரோவில் கிடக்கிறது. நம் ஊர் ஈரத்தில், டிரை கேபினெட் (ஈரம் புகாத பெட்டி) இல்லாமல் அப்படிக் கிடந்தால் ஃபங்கஸ் பிடிக்கும். இன்றே இரு பக்க மூடியையும் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல வெள்ளைக் கோடு தெரிந்தால் விலை பாதியாகிவிடும். சுத்தமாக இருந்தால், பில், டப்பா, ஹூட், ட்ரைபாட் காலர் எல்லாம் சேர்த்து 1,15,000 முதல் 1,25,000 வரை எதிர்பார்க்கலாம். பாக்கித் தவணை 1,05,600. ஆனால் விற்பதற்கு முன் ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் (கடனை முன்கூட்டி முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு) வாங்குங்கள். நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி இல்லை என்று யார் சொன்னது? வட்டிக்குச் சமமான தள்ளுபடியைக் கொடுத்து மறைத்திருப்பார்கள்; கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் வட்டி மேல் ஜிஎஸ்டியை நீங்கள்தான் கட்டுகிறீர்கள்; முன்கூட்டி முடித்தால் அபராதமும் இருக்கலாம். தேவைப்படும் வாரத்துக்கு இதே லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். நாளுக்கு 1,500 என்று வைத்தாலும் பத்து நாளுக்கு 15,000. ஒன்றரை மாத இஎம்ஐ. கேமரா பாடி மட்டும் இருக்கட்டும். அது தன் தவணையைத் தானே சம்பாதிக்கிறது.

சொந்தக்காரர் கல்யாணம். முடியாது என்று சொல்லச் சொன்னால் நீங்கள் சொல்லமாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "என் உழைப்பு மொய். ஆட்கள் கூலியும் ஆல்பமும் உங்கள் செலவு." மனைவியின் வளையல் அடகில் இருக்கும்போது பெரியப்பா வீட்டுக்கு இலவச ஆல்பம் அடித்துக் கொடுப்பது பெருந்தன்மை அல்ல.

நகைக் கடனில் ஒரே ஒரு எச்சரிக்கை. தங்கம் விலை ஏறியதால் "உங்கள் நகைக்கு மேலே இன்னும் தருகிறோம்" என்று போன் வரும். எடுக்காதீர்கள். வட்டியை வருடக் கடைசி வரை குவிய விடாமல் மாதாமாதம் கட்டுங்கள்.

இதையெல்லாம் செய்தால் முதல் வருடம் 1,75,000 அளவுக்கு மிஞ்சும். பாடி இஎம்ஐ முடிந்தபின் இரண்டாவது வருடம் 2,70,000. முதலில் அட்வான்ஸ் கணக்கின் 3,22,000 பள்ளத்தை நிரப்புங்கள், பிறகு நகையை மீட்டுங்கள். இரண்டரை வருடத்தில் இரண்டும் முடியும். அதன்பின் மாதம் 25,000 உங்களுடையது. அந்தப் பணத்தை வங்கி ஆர்டியில் போடுங்கள். இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணத்தை ஒரே துறையை நம்பும் ஃபண்டில் போடுவது சரியல்ல; 42 சதவீத வட்டிக்குக் கார்டில் கடன் வைத்துக்கொண்டு எந்த எஸ்ஐபியும் வேண்டாம். மச்சானிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

இனி கனவுகள். குறிஞ்சிக்குப் பணமே தேவையில்லை என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. பழனி மலை உங்கள் வீட்டு வாசலில். 2006, 2018-க்குப் பிறகு 2030. 2018-ல் பூத்த செடிகள் விதை விட்டுக் காய்ந்துபோயின. இப்போது சரிவில் நிற்பவை அந்த விதையில் முளைத்தவை. பூத்த வாரத்தில் ஆயிரம் பேர் எடுப்பார்கள். பூக்காத வருடங்களை யார் எடுக்கிறார்கள்? சாலையோரத்தில் இரண்டு மூன்று இடம் தேர்ந்தெடுத்து, ஜிபிஎஸ் குறித்து, ஒரே ஃபோகல் லெங்த், ஒரே ட்ரைபாட் உயரத்தில் வருடம் இருமுறை போய் எடுங்கள். பெட்ரோல், சாப்பாடு 2,500, இ-பாஸ் மறக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும், ட்ரோன் வேண்டவே வேண்டாம். நடுவில் "குறிஞ்சி பூத்தது" என்று போனில் சுற்றும் படங்கள் பெரும்பாலும் வேறு வருடக் கணக்கில் பூக்கும் அதன் உறவுச் செடிகள், அதற்காக ஓடாதீர்கள். 2018 ஆகஸ்டில் மழை வெள்ளத்தால் மூணாறு பக்கம் போக முடியாமல் சீசனே கெட்டது. வெளியூர்க்காரர் ஒரு வாரம் புக் செய்து ஏமாறலாம். நீங்கள் வானம் பார்த்துக் கிளம்பலாம். 2030-ல் கல்யாணம் குறைந்த புரட்டாசியை மட்டும் காலியாக வையுங்கள். உங்களிடம் இருக்கும் 24-70-யும் ஒரு மேக்ரோ லென்ஸும் போதும்.

ஸ்பிட்டியின் உண்மையான விலை டூர்க்கட்டணம் அல்ல. பனிச்சிறுத்தை அங்கே கிப்பர் கிராமத்துப் பக்கம் கீழே இறங்குவது ஜனவரி முதல் மார்ச் வரை. உங்களுக்கு அது தை, மாசி முகூர்த்தம். பத்து நாள் போனால் இரண்டு கல்யாணம் போகும். அதற்கு 96,000 சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதனால் இது கடைசி.

மசாய் மாரா ஆடியில் வருவது உங்கள் தொழிலுக்குத் தோது. ஆனால் இந்த ஆடியில் அல்ல. போகிற வருடம் டூர்காரரிடம் இதைக் கேளுங்கள்: ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 200 டாலர், அது பேக்கேஜுக்குள் இருக்கிறதா? ஒரு ஜீப்பில் எத்தனை பேர், ஆளுக்கு ஒரு ஜன்னல் வரிசை உண்டா? நைரோபியிலிருந்து சின்ன விமானம் என்றால் 15 கிலோதான் அனுமதி. கேமரா பையும் அதற்குள் அடக்கம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இங்கே தனிமைப்படுத்துவார்கள். கிளம்பும்போது விமான நிலையக் கஸ்டம்ஸில் கேமரா, லென்ஸ் சீரியல் நம்பருடன் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்குங்கள்; திரும்பும்போது வரி கேட்டால் அதுதான் கைகொடுக்கும்.

கட்டிய 25,000-க்கு வருவோம். லோன் பேப்பரில் கையெழுத்துப் போடாமல், ரத்து விதியை மெயிலில் எழுத்தாகக் கேளுங்கள். பாதி திரும்ப வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எதுவும் வராது என்றால், உங்கள் இடத்தை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுக்க விடுவார்களா என்று கேளுங்கள். பல டூர்காரர்கள் சம்மதிப்பார்கள். அதற்கும் வழியில்லை என்றால் 25,000 நஷ்டத்தோடு நிறுத்திக்கொண்டு, அன்று சாயங்காலமே பாக்கி ஆல்பத்தில் முதல் இரண்டு பார்ட்டிக்குப் போன் போடுங்கள்.