பழைய போர்ஷேவுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா?

கேள்வி: 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், 62,000 கி.மீ. ஓடியது, டீலரிடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கட்டினால் ஓராண்டு வாரண்டியாம். ஒரு கிளெய்முக்கு 2 லட்சம் வரை தருவார்களாம். எடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். போர்ஷேயே தன் வண்டியைச் சோதித்துத் தரும் வாரண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வேன். 15 வயதைத் தாண்டிய வண்டிக்கு அது கிடையாது. உங்களிடம் நீட்டப்படுவது வேறு யாரோ போடும் ஒப்பந்தம். பணம் தரப்போவது டீலரா, காப்பீட்டு நிறுவனமா என்று முதலில் கேளுங்கள். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு ஐந்தாண்டு வாரண்டி விற்ற கடை இரண்டாம் ஆண்டே ஷட்டரை இறக்கிவிட்டது. ரசீதிலிருந்த எழுத்தும் அதற்குள் மங்கிப் போயிருந்தது.

அந்த என்ஜினில் ஐ.எம்.எஸ். பேரிங் என்று ஒன்று உண்டு; என்ஜினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்குவது அதுதான். அது உடைந்தால் என்ஜினே போச்சு. உங்கள் மாடலில் பேரிங் பெரிது, முந்தைய மாடல்களைவிடக் குறைவாகவே கெடும். ஆனால் என்ஜினைப் பிளக்காமல் அதை மாற்ற முடியாது. அந்தச் செலவுக்கு 2 லட்சம் எந்த மூலைக்கு?

இன்னொன்றையும் சொல்லியே தீர வேண்டும்: பிரித்துப் பார்க்கும் கூலி. வண்டி நின்றுபோகும். பிரித்தால்தான் காரணம் தெரியும் என்பார் மெக்கானிக். காரணம் தெரிந்தால்தான் அனுமதி என்பார் வாரண்டிக்காரர். பிரிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது நீங்கள். பிரித்தபின் 'இது தேய்மானம், கவரேஜில் வராது' என்று இரண்டு வரியில் மெயில் வரும். கூலி உங்கள் தலையில், என்ஜின் நாலு டிரேயில். விற்கும்போது இந்த விதியை வாய்விட்டுச் சொன்ன ஒரு விற்பனையாளரையும் நான் பார்த்ததில்லை. ஒப்பந்தத்தை முழுதாக வாங்கி, 'எவையெல்லாம் அடங்காது' என்ற பக்கத்திலிருந்து படியுங்கள்.

அந்த ஒன்றரை லட்சத்தில் ஒரு பகுதியைச் சோதனைக்குச் செலவிடுங்கள். டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒர்க்‌ஷாப்பில் ஆயில் ஃபில்டரை அறுத்து உலோகத் துகள் மினுக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் கேமரா விட்டால் சுவரில் கீறல் இருந்தால் தெரியும். எல்லை மீறி முறுக்கி ஓட்டியிருந்தால் என்ஜின் கணினியிலேயே பதிவாகியிருக்கும், அதையும் எடுக்கச் சொல்லுங்கள். மீதிப் பணம் பேங்கில் இருக்கட்டும்.

கேள்வி: போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2014. போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கியர் மாறும்போது உதறுகிறது என்கிறார் மெக்கானிக். இப்போது வாரண்டி எடுத்தால் சரிசெய்து தருவார்களா? (திருச்சி வாசகர்)

பதில்: தரமாட்டார்கள். முன்பே இருந்த பழுது. கல்யாண மண்டபத்துக்குக்கூட நேரில் போய்ப் பார்த்துத்தானே ஐயா அட்வான்ஸ் கொடுக்கிறோம்?

கேள்வி: 'எல்லாமே கவர் ஆகும் சார்' என்கிறார் டீலர். நம்பலாமா?

பதில்: அதை லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் பேச்சு மாறும்.

கேள்வி: ஆன்லைனில் கார் புக் செய்தேன். நான் கேட்காமலே பில்லில் 38,000 ரூபாய் வாரண்டி சேர்ந்திருக்கிறது. (மதுரை வாசகி)

பதில்: கேட்காததைக் கூடையில் நுழைப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. அதைக் குறிப்பிட்டுப் பணத்தைத் திருப்பக் கேட்டு மெயில் போடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

கேள்வி: பழைய பிஎம்டபிள்யூ இசட்4 வாங்கியபோது 90,000 கட்டி வாரண்டி எடுத்தேன். ஆறே மாதத்தில் டர்போ போய்விட்டது. ஒரு சர்வீஸை வெளியில் செய்தீர்கள் என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். அப்படி ஒரு நிபந்தனை இருப்பதே எனக்குத் தெரியாது. கையில் ஒரு பக்க ரசீது மட்டும்தான் தந்தார்கள். (சென்னை வாசகர்)

பதில்: விடாதீர்கள். காட்டாத நிபந்தனையை வைத்து மறுப்பது அநியாயம், உங்கள் வாதமும் அதுதான். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ஆயில் மாற்றியதற்கும் டர்போ போனதற்கும் என்ன சம்பந்தம் என்று அதே மெயிலில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நீங்கள் செலுத்திய தொகையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் பழைய டர்போவைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடப் போகிறார்கள். இன்றே போய் வாங்கி வையுங்கள்.