பொசுபோரிலேசு செய்வது பொசுபோரிலேற்றமா?

களுவாஞ்சிகுடியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "கிளைக்கோசனை (உடலில் சேமிக்கப்படும் குளுக்கோசுச் சங்கிலியை) உடைக்கும் நொதியத்துக்குப் பொசுபோரிலேசு என்று பெயர். அப்படியானால் அது செய்வது பொசுபோரிலேற்றம்தானே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கைனேசு, பொசுபற்றேசு ஆகியவற்றையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். எப்படிப் பிரித்துக் காட்டுவது?"

மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, ஏனெனில் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பொசுபேற்று எங்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும் பார்த்தால் கைனேசும் பொசுபோரிலேசும் ஒன்றையே செய்வதாகத் தோன்றும். அது எங்கிருந்து வந்தது, அப்போது எந்தப் பிணைப்பு உடைந்தது என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இரண்டும் வேறு என்பது தெளிவாகும்.

ஒரு மூலக்கூறில் பொசுபேற்றுக் கூட்டம் இணைக்கப்படுவதைப் பொதுவாகப் பொசுபோரிலேற்றம் என்கிறோம். கலத்தில் பெரும்பாலும் இதைச் செய்பவை கைனேசுகள்; அவை கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரீ.பி.யின் கடைசிப் பொசுபேற்றை எடுத்து வேறொரு மூலக்கூறில் சேர்க்கின்றன. கலத்துக்குள் வந்த குளுக்கோசை எக்சோகைனேசு குளுக்கோசு-6-பொசுபேற்றாக மாற்றுவது இதற்கு நல்ல உதாரணம். மறை ஏற்றம் பெற்ற அந்த மூலக்கூறு கலமென்சவ்வைக் கடந்து எளிதில் வெளியேற முடியாது. எனினும் கைனேசு இல்லாமலும் பொசுபோரிலேற்றம் நிகழும் என்பதைச் சொல்லிவைக்க வேண்டும்: இழைமணியில் நடைபெறும் ஒட்சியேற்றப் பொசுபோரிலேற்றத்தில் பொசுபேற்றைப் பெறுவது ஏ.டீ.பி. (ஏ.ரீ.பி.யைவிட ஒரு பொசுபேற்று குறைந்த மூலக்கூறு), சேர்வது கரைசலில் தனியாக உள்ள அசேதனப் பொசுபேற்று.

பொசுபோரிலேசு செய்வது இதுவன்று. நீரைச் சேர்த்துப் பிணைப்பை உடைப்பது நீர்ப்பகுப்பு என்றால், அசேதனப் பொசுபேற்றைச் சேர்த்துப் பிணைப்பை உடைப்பது பொசுபேற்றுப்பகுப்பு. கிளைக்கோசனின் ஓரத்திலுள்ள குளுக்கோசு அலகு இவ்வாறு பிரிந்து குளுக்கோசு-1-பொசுபேற்றாக வெளிவருகிறது. விளைபொருளில் பொசுபேற்று இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஏ.ரீ.பி. செலவாகவில்லை. கிளைக்கோசனிலிருந்து இவ்வாறு வரும் ஒரு குளுக்கோசு அலகு, குளுக்கோசை உடைத்துச் சக்தி பெறும் கிளைக்கோப்பகுப்பில், 3 ஏ.ரீ.பி.யை இலாபமாகத் தருவதும், குருதியிலிருந்து வரும் குளுக்கோசு 2ஐ மட்டும் தருவதும் இந்த ஒரு சேமிப்பினால்தான். இதை வகுப்பில் கணக்காகச் செய்து காட்டினால் வேறுபாடு மனதில் பதியும் என்பது என் அனுபவம்.

குழப்பம் உச்சத்துக்குப் போகும் இடம் ஒன்றுண்டு, அதையே பாடமாக எடுங்கள். கல்லடிப் பாலத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும் ஒருவரின் தொடைத் தசையை நினைத்துக்கொள்ளுங்கள். தசை சுருங்கும்போது கல்சியம் வெளிவர, அதனால் பொசுபோரிலேசு கைனேசு என்னும் நொதியம் தூண்டப்படுகிறது, அது ஏ.ரீ.பி.யிலிருந்து ஒரு பொசுபேற்றை எடுத்துப் பொசுபோரிலேசின் 14ஆவது அமினோ அமிலமான செரீனில் ஏற்றுகிறது. இது பொசுபோரிலேற்றம். அதனால் தொழிற்படும் வடிவம் பெற்ற பொசுபோரிலேசு கிளைக்கோசனை உடைக்கிறது, இது பொசுபேற்றுப்பகுப்பு. அவர் பாலத்தைக் கடந்து இளைப்பாறும்போது பொசுபற்றேசு ஒன்று அந்தச் செரீனிலிருந்த பொசுபேற்றை நீரின் உதவியால் அகற்றிவிடுகிறது. இது பொசுபேற்று அகற்றல், நடைபெறும் முறையில் நீர்ப்பகுப்பு. ஒரே நொதியம் முதலிலும் மூன்றாவதிலும் மாற்றத்துக்கு உள்ளாகிறது, நடுவில் மட்டுமே தானாக வேலை செய்கிறது. புரதங்களில் நிகழும் இந்த மீள்தன்மையுள்ள பொசுபோரிலேற்றத்தைக் கண்டறிந்ததற்காகவே எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்சும் 1992இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இங்கே மாணவர்கள் தவறான ஒரு விதியையும் உருவாக்கிக்கொள்வார்கள்: பொசுபேற்று ஏறினால் நொதியம் தொழிற்படும், இறங்கினால் நின்றுவிடும் என்று. கிளைக்கோசனைக் கட்டும் நொதியத்தில் நிலைமை நேரெதிர். பொசுபேற்று ஏறும்போது அதன் தொழிற்பாடு குறைகிறது. உடைக்கும் வேலையும் கட்டும் வேலையும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று வீணாக்காமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு தேவை.

விடைத்தாளைத் திருத்தும்போது "பொசுபேற்று சேர்கிறது" என்று மட்டும் எழுதிய விடைக்கு முழுப் புள்ளி வழங்க வேண்டாம் என்பது என் கருத்து. கரும்பலகையில் மூன்று தாக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பொசுபேற்றை மட்டும் நிறச் சோக்கால் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் இடப்பக்கத்திலும் ஏ.ரீ.பி. இருக்கிறதா, அசேதனப் பொசுபேற்று இருக்கிறதா, நீர் இருக்கிறதா என்று மாணவர்களையே தேடச் சொல்லுங்கள்.