வி.சி.வி. ராக்கில் (கணினியில் மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து ஒலி உருவாக்கும் மென்பொருள்) ஸ்டீரியோ ஃபில்டரை, அதாவது ஒலியின் சில அதிர்வெண்களை வெட்டும் மாட்யூலை, எப்படிப் பயன்படுத்துவது? இரண்டு மோனோ ஃபில்டர் போட்டால் போதாதா?

தாராளமாகப் போதும். ஆனால் அந்த இரண்டையும் ஒரே கை திருக வேண்டும். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: ஒரு பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி) ஒலியின் இடதுக்கு ஒரு ஃபில்டர், வலதுக்கு இன்னொன்று. ஸ்வீப் செய்யும்போது, அதாவது கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்) மெல்ல நகர்த்தும்போது, ஒலி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. இரண்டு நாப்களும் கண்ணுக்கு ஒரே கோணத்தில் இருக்கலாம், மவுஸால் திருகியவை எண்ணில் ஒன்றாக இருக்காது. ரெசனன்ஸ் (கட்ஆஃப் பக்கத்தைத் தூக்கிக் காட்டும் அளவு) குறைவாக இருந்தால் அந்த வித்தியாசம் காதில் படாது. ரெசனன்ஸை ஏற்றினால் கட்ஆஃப் இருக்கும் இடத்தில் ஊசி மாதிரி ஒரு முகடு எழும்பும். இடது முகடு ஒரு ஸ்வரத்தைத் தொடும் நேரத்தில் வலது முகடு அதைத் தாண்டிப் போயிருக்கும். அந்த ஸ்வரம் மட்டும் இடப்பக்கம் ஓடும். ஒலி சாய்வதாகத் தோன்றுவது இதனால்தான்.

ஸ்டீரியோ ஃபில்டர் மாட்யூல் என்று தனியாக வருவதில் பெரிய மாயம் எதுவும் இல்லை. உள்ளே ஒரே மாதிரி இரண்டு ஃபில்டர்கள், வெளியே ஒரே கட்ஆஃப் நாப், ஒரே ரெசனன்ஸ் நாப். இடது இன்புட்டில் மட்டும் கேபிள் செருகினால் பெரும்பாலான மாட்யூல்களில் அதே ஒலி வலதுக்கும் போய்விடும். இது தெரியாமல் மோனோ ஒலியைப் பிரித்து இரண்டிலும் செருகிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் இருந்தேன்.

புதிதாக எதையும் இறக்காமல், ராக்கோடு வரும் ஃபண்டமென்டல் மாட்யூல்களை வைத்தே இதைச் செய்யலாம். ராக்கில் ஒரு கேபிளுக்குள் 16 சானல் வரை போகும். பலர் இதைக் கீபோர்டில் கார்டு வாசிக்க மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். ஸ்டீரியோ என்பதும் இரண்டு சானல் பாலிஃபோனிதானே (ஒரே கேபிளில் பல ஒலிகள்)! மெர்ஜ் மாட்யூலில் இடதை முதல் துளையிலும் வலதை இரண்டாவதிலும் செருகுங்கள். அதிலிருந்து வரும் ஒற்றைக் கேபிள் வி.சி.எஃப்.-க்குள் (ஃபண்டமென்டலின் ஃபில்டர் மாட்யூல்) போகட்டும். வெளியே வருவதை ஸ்ப்ளிட்டில் கொடுத்துத் திரும்பப் பிரியுங்கள். ஒரே வி.சி.எஃப்., ஒரே நாப், இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் சேர்ந்து நகரும். நீங்கள் கேட்ட சாய்வுப் பிரச்சினை இதோடு சரி.

ஆனால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக நகர்ந்தால் பேட் கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கும். வித்தியாசம் வேண்டும்தான், அதை நாம் அளந்து கொடுக்க வேண்டும். இங்கே ஒரு கணக்கு உதவும். ராக்கில் 1 வோல்ட் என்றால் ஒரு ஆக்டேவ், அதாவது அதிர்வெண் இரட்டிப்பு. அப்படியானால் 0.1 வோல்ட் 1.2 செமிடோன். எல்.எஃப்.ஓ. (மெதுவாக ஏறி இறங்கும் சிக்னலைத் தரும் மாட்யூல்) அதன் ஆஃப்செட் பட்டனை அணைத்தால் மைனஸ் 5-இலிருந்து பிளஸ் 5 வரை ஆடும், மொத்தம் 10 வோல்ட். கட்ஆஃப் சி.வி. (கட்ஆஃபை நகர்த்தும் வோல்டேஜ்) நாப்பை முழுக்கத் திறந்து எல்.எஃப்.ஓ.வைச் செருகினால் ஃபில்டர் 10 ஆக்டேவ் ஓடும். மனிதக் காது கேட்கும் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான மொத்தத் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்! எல்.எஃப்.ஓ.வைச் செருகியதும் ஒலி தலைதெறிக்க ஓடுகிறது என்று புலம்புபவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, இடமும் வலமும் எதிரெதிராக மெல்ல அசைய என்ன செய்வது? 8வெர்ட் என்று, சிக்னலைக் குறைக்கவும் தலைகீழாக்கவும் உதவும் ஒரு மாட்யூல் இருக்கிறது. எல்.எஃப்.ஓ.வை அதன் முதல் வரிசையில் மட்டும் செருகுங்கள். இரண்டாவது வரிசை காலியாக இருந்தால் மேலே இருக்கும் சிக்னலைத் தானே எடுத்துக்கொள்ளும். முதல் நாப்பை பிளஸ் 10 சதவீதம், இரண்டாவதை மைனஸ் 10 சதவீதம் வையுங்கள். நாப்பின் மேல் ரைட் கிளிக் செய்து எண்ணை நேரடியாகத் தட்டலாம், மவுஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு அவுட்புட்டையும் இன்னொரு மெர்ஜில் சேர்த்து வி.சி.எஃப்.-இன் கட்ஆஃப் சி.வி.யில் கொடுத்து, அங்கிருக்கும் நாப்பை முழுதாகத் திறந்துவிடுங்கள். இடது அரை ஆக்டேவ் ஏறும்போது வலது அரை ஆக்டேவ் இறங்கும். என் காதுக்கு அதுவே அதிகம். பேட் என்றால் 2 முதல் 4 சதவீதத்தில் நிறுத்திவிடுவேன். கேட்பவர் ஃபில்டரைக் கவனிக்கவே கூடாது, ஒலிக்குள் காற்று இருப்பதாக மட்டும் தோன்ற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய கட்ஆஃப் நாப் இப்போதும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே நகர்த்தும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வி.சி.எஃப்.-இல் எத்தனை சானல் வெளியே வரும் என்பதைத் தீர்மானிப்பது ஆடியோ இன்புட். சி.வி. இரண்டு சானலாக இருந்தாலும் ஆடியோ ஒரே சானலாக உள்ளே போனால் வெளியே ஒன்றுதான் வரும். ஒலி மோனோவாக இருந்தால் அதையே மெர்ஜின் இரண்டு துளையிலும் செருகிவிடுங்கள். அப்புறம் ‘வலது பக்கம் செத்துப்போச்சு’ என்று தேட வேண்டியிருக்காது.

அகலத்தின் மேல் ஆசைப்பட்டு நான் சூடுபட்ட கதை ஒன்று. ஒரு மோனோ மெலடியை ஸ்டேட் வேரியபிள் வகை ஃபில்டர் ஒன்றில் விட்டேன். அதன் லோபாஸ் (கட்ஆஃபுக்குக் கீழே உள்ளதை விடுவது) இடது பக்கம், ஹைபாஸ் (மேலே உள்ளதை விடுவது) வலது பக்கம். ஹெட்ஃபோனில் கேட்டால் அறையே விரிந்த மாதிரி இருந்தது. அன்று இரவு முழுக்க அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். மறுநாள் நண்பர் தன் ஃபோனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, “மெலடியில் நடுவில் ஒரு ஸ்வரத்தைக் காணோமே, வேண்டுமென்றே விட்டாயா?” என்றார்.

வேண்டுமென்று விடவில்லை. கட்ஆஃப் 440 ஹெர்ட்ஸில் இருந்தது, மெலடி சுற்றிச் சுற்றி வந்து நிற்பதும் அதே ஸ்வரத்தில். ஆக்டேவுக்கு 12 டெசிபல் சாய்வுள்ள அந்த ஃபில்டரில் லோபாஸும் ஹைபாஸும் எப்போதும் 180 டிகிரி எதிர்ஃபேஸில் இருக்கும், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றது இறங்கும். கட்ஆஃபில் இரண்டின் அளவும் சமம். மோனோவில் கூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு அங்கே ஒரு குழி விழும். நாட்ச் ஃபில்டரை (ஓர் அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் வெட்டுவது) உருவாக்குவதே இப்படித்தான். நான் அறியாமல் என் மெலடியின் மேலேயே ஒன்றைச் செய்து வைத்திருந்தேன்.

வலது பக்கத்தை ஒரு அட்டெனுவெர்ட்டர் (8வெர்ட் மாதிரி) வழியாக மைனஸ் 100 சதவீதத்தில் தலைகீழாக்கினேன். குழி போய்விட்டது, கட்ஆஃப் பக்கம் லேசான மேடு வந்தது, அதை ரெசனன்ஸைக் குறைத்து அடக்கினேன். கூடவே ஹெட்ஃபோனில் இருந்த அந்தப் பிரம்மாண்டமும் கொஞ்சம் சுருங்கியது. நான் மயங்கிக் கிடந்த அகலத்தில் பாதி அந்த எதிர்ஃபேஸ்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

அதிலிருந்து எந்தப் பேட்ச் (மாட்யூல்களைக் கேபிளால் இணைத்த அமைப்பு) போட்டாலும் கடைசியில் இடது வலது இரண்டையும் மிக்சரில் ஒன்றாகக் கூட்டி ஒரு முறை கேட்டுவிடுவேன். அலையை வரைந்து காட்டும் ஸ்கோப் மாட்யூலை எக்ஸ்-ஒய் முறைக்கு மாற்றி, இடதை எக்ஸிலும் வலதை ஒய்யிலும் கொடுத்தால் கண்ணாலும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஒரு சாய்ந்த கோடு, வலப்பக்கம் மேல்நோக்கி ஏறும். எதிர்ஃபேஸ் என்றால் அதே கோடு எதிர்த்திசையில் சாயும். நல்ல ஸ்டீரியோ ஒரு பருத்த, ஒழுங்கில்லாத மேகம் மாதிரி, பெரும்பாலும் முதல் கோட்டின் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஒலியை அழுத்திக் கரகரக்க வைக்கும் டிரைவ் நாப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகத்தான் கரகரக்கும். இடது சத்தமாக இருந்தால் அது அதிகமாக அமுங்கும், ஒலி வலதை நோக்கி நகர்ந்த மாதிரி தோன்றும். எனக்கு அது பிடிக்காது, ஆகவே டிரைவை ஃபில்டருக்கு முன்னால், ஒலி இன்னும் மோனோவாக இருக்கும் இடத்திலேயே முடித்துவிடுகிறேன். உங்கள் பேட் ஆரம்பத்திலிருந்தே ஸ்டீரியோ என்றால் டிரைவைப் பாதிக்குக் கீழே வைத்துக் கேட்டுப் பாருங்கள். சாய்வு அப்போதும் தெரிந்தால் பேட்ச்சின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றைப் போடுங்கள், கேபிள் கேபிளாகப் பார்த்துச் சொல்கிறேன்.